மூன்றாம் வாசல் தீபம்

அத்தியாயம் 6

கேஜர்கட் கோட்டைக்கு ஏழு வாசல்கள். யானைப் படையோடு வந்த எதிரிகளே நாலாவது வாசலில்தான் மூச்சு வாங்கினார்களாம். டீக்கம் முதல் வாசலிலேயே வாங்கிவிட்டான்.

"ஜீஜி, திருடன் ரொட்டி தின்ன எப்படியும் கீழ இறங்கித்தானே ஆகணும்? நாம அடிவாரத்துலயே உக்காந்திருந்தா என்ன?" என்றான்.

சரோஜ் பண்டாரி படியேறிக்கொண்டே இருந்தாள். அஜ்மீர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, அதே ஊரில் ஒரு மாடியறையில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள் அவள். டீக்கம் பத்து வருஷமாக அவளுடைய உதவியாளன். அவளை ஜீஜி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவான். ஸ்கூட்டர் ஓட்டுவான், குறிப்பு எடுப்பான், அவள் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பான். மூன்றாவது வேலை மட்டும் அவனுக்கு இன்னும் சரியாகப் படியவில்லை.

மேலே, ஏழாம் வாசலுக்குள் இருந்த ஆவண மண்டபத்தில் குன்வர் சௌபாக்ய சிங் அவர்களுக்காகக் காத்திருந்தார். கோட்டையின் இளைய வாரிசு. ஐந்து வயதில் மலைப்பள்ளி விடுதிக்குப் போனவர், அங்கிருந்து லண்டன் போய், முப்பது வயதில் திரும்பி வந்தவர். இங்கிலீஷில் கனவு காண்பார், ஹிந்தியில் டீ கேட்பார், மார்வாரியில் 'கம்மா கணி' என்ற வணக்கத்தை மட்டும் பிழையில்லாமல் சொல்வார். ஆனால் கோட்டை மேல் அவருக்கு இருந்த ஆசை உண்மையானது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதைப் பற்றி வழவழப்பான காகிதத்தில், தூக்கினால் தோள் வலிக்கிற கனத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் இன்று மாலை கோட்டைச் சுவரில் ஒலியும் ஒளியுமாக ஒரு காட்சி அரங்கேறப் போகிறது. விருந்தாளிகள், பழைய எழுத்து தெரிந்த பண்டிதர்கள் உட்பட, ஐந்து மணிக்கு வருகிறார்கள்.

இந்த நேரத்தில் பார்த்து, கோட்டையின் பழைய வரலாற்று ஏட்டிலிருந்து ஒரு பக்கம் காணாமல் போய்விட்டது.

கண்ணாடிப் பெட்டி உடையவில்லை. பூட்டும் சரியாக இருந்தது. பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அரண்மனைக் கொத்தில், மற்றொன்று மூன்றாம் வாசல் காவல்காரர் குமான் சிங்கிடம். குன்வரின் கணக்குச் சுலபமானது. அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பது குமான் சிங்கின் குடும்பத்துக்கு அவமானம். ஊர் கூடிக் கேட்கப் போகிற நாளுக்கு முன்னால் அதை அழித்துவிட்டார். ஐந்து மணிக்குள் பக்கம் திரும்பி வராவிட்டால், பதினோரு தலைமுறையாக அந்தக் குடும்பம் வைத்திருக்கும் வாசல் சாவியை விருந்தாளிகள் முன்னால் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். இதை முன்தினமே சொல்லியாகிவிட்டது என்றார்.

"அப்படி என்ன அவமானம்?" என்று சரோஜ் கேட்டாள்.

குன்வர் பெட்டிக்குள் இருந்த விளக்க அட்டையைக் காட்டினார். ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் அச்சடித்திருந்தது. டீக்கம் அதைக் குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டான்:

'பாதுஷாவின் படை கோட்டையை முற்றுகையிட்ட நாட்களில், மூன்றாம் வாசல் காவலன் மகேஷ்தாஸ் தண்ணீருக்காக ஆட்டுப்பாதையில் இறங்கினான். அவன் திரும்ப வழி தெரியட்டும் என்று மனைவி தேஜ் கன்வர் கோபுர விளக்கைத் தூண்டிப் பிரகாசமாக எரியவிட்டாள். அந்த வெளிச்சத்தில் எதிரியும் வழி கண்டான். ஒரு பெண்ணின் காதலுக்குக் கோட்டை விலையானது.'

புத்தகம் வந்த நாளிலிருந்து வழிகாட்டிகள் அதைத் 'துரோகி வாசல்' என்றே சொல்கிறார்கள். பயணிகள் அங்கே நின்று முகத்தைச் சுளித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். குமான் சிங் அவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

மண்டபத்தின் மறுகோடியில், குலதெய்வத்தின் மாடத்துக்குப் பக்கத்தில், பெரிய வெல்வெட் திண்டில் சாய்ந்தபடி குன்வரின் தாய் மாஜிசா உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் காகிதத்துக்கு அஜ்மீரிலிருந்தெல்லாம் ஆள் வரவழைப்பதா என்று அவர் சலித்துக்கொண்டார். குன்வர் சிரித்தார். அம்மாவுக்கு இரண்டு நாளாகவே தலைவலி, ஒத்திகையில் ஆரம்பித்தது. ஏட்டின் மூல வரிகளைப் பார்மேர் பாடகர் ஒருவர் பழைய மொழியிலேயே பாடுவார், அதன் பிறகு தன்னுடைய இங்கிலீஷ் விளக்கம் வரும். அதைக் கேட்டுத்தான் அம்மா உருகிப்போய் எழுந்துவிட்டார் என்று சொன்னார். ஒத்திகையில் இருந்தது அவர்கள் மூன்று பேர்தான். பாடகர் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார், அரங்கேற்றத்துக்கு ஒலிப்பதிவு போதும். பக்கம் காணாமல் போனது அதற்கு மறுநாள்.

சரோஜ் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குன்வரின் புத்தகத்தில் ஒரு பிரதி இரவல் கேட்டு, டீக்கத்தின் கையில் கொடுத்தாள். கனம் தாங்காமல் அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான்.

வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னாள். "டீக்கம், நீ குமான் சிங். உன் குடும்பத்தைத் துரோகின்னு ஒரு அட்டை சொல்லுது. நீ எதைத் திருடுவே?"

"அட்டையை."

"ஏன்?"

"அதைத்தானே எல்லாரும் படிக்கிறாங்க. அந்தப் பக்கத்துல இருக்கறது எழுத்தா எறும்பான்னே யாருக்கும் தெரியாதே."

"அட்டை அங்கேயே இருக்கு. பக்கம்தான் போச்சு. வெக்கப்பட்டவன் அட்டையைக் கிழிச்சிருப்பான். இவன் படிக்கத் தெரிஞ்சவங்களுக்குப் பயந்தவன். இன்னிக்கு வர்ற கூட்டத்துல அந்த எழுத்து தெரிஞ்ச பண்டிதர்கள் இருக்காங்க. பக்கம் ஒண்ணு சொல்லுது, அட்டை வேற சொல்லுது. அதை யாரோ மறைக்கிறாங்க."

"அட்டையை எழுதினது குன்வர்சா. அப்ப அவரே..."

"குரலைத் தாழ்த்து."

மூல வரிகளைக் குன்வரிடமே கேட்டால் என்ன என்றான் டீக்கம். அவரிடம் கேட்டால் அவர் சொல்வதுதான் கிடைக்கும் என்றாள் சரோஜ். அதற்குத்தான் புத்தகம். அதில் அந்தப் பக்கத்தின் படம் இருந்தது. படிக்க ஓர் ஆள் மட்டும் வேண்டும்.

தலைக்கோடு இல்லாத அந்த மோடியா எழுத்தை உள்ளூரில் இப்போது படிக்கிறவர்கள் பழைய வியாபாரக் குடும்பங்களில் சிலர்தான். அடிவாரக் கடைவீதியில் விசாரித்ததில் எல்லோரும் ஒரே கடையைக் காட்டினார்கள். சம்பாலால் லோடாவின் தலைப்பாகைக் கடை.

சம்பாலால் சேட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினார். மறுபடி நேராக்கினார்.

"இது நம்ம எழுத்து இல்லையே," என்றார். "பாரசீகமா?"

சரோஜின் முகம் வாடியது. சேட் அதோடு அவர்களை மறந்துவிட்டு, டீக்கத்தின் தலையைக் கவனிக்க ஆரம்பித்தார். கடைக்கு வந்த தலையை வெறுமையாக அனுப்புவது அவருடைய வழக்கமில்லை. ஒன்பது மீட்டர் துணியைக் கையில் எடுத்தார். மாக மாதத்துக்கு எந்த நிறம், கல்யாணத்துக்கு எந்த நிறம், துக்கத்துக்கு எது என்று சொல்லிக்கொண்டே சுற்றினார். டீக்கம் ஆளுயரக் கண்ணாடியின் முன்னால், திறந்த பக்கம் வெளியே தெரிய, புத்தகத்தை மார்போடு அணைத்தபடி அசையாமல் நின்றான். தன் தலை கொஞ்சம் கொஞ்சமாக ராஜ வம்சத்தில் சேர்வதை அவனால் நம்ப முடியவில்லை.

நாலாவது சுற்றில் சேட்டின் கை நின்றது. அவர் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, இது நம்ம எழுத்துதான். அச்சடிச்சவன் படத்தை இடம் வலம் மாத்திப் போட்டிருக்கான்."

ரெண்டாயிரம் பிரதி விற்ற புத்தகம். படம் திரும்பியிருப்பதை ஆறு வருஷமாக ஒருவரும் கவனிக்கவில்லை. எழுதியவருக்கே அந்த எழுத்து தெரியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். குன்வருக்கு யாரோ வாயால் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அரண்மனையின் பழைய முனீம், கணக்கப்பிள்ளை, ஒருவர் இருந்தார், காலமாகிவிட்டார், அவராகத்தான் இருக்கும் என்றார் சேட்.

"படிங்க சேட்ஜி," என்றாள் சரோஜ். "ஒரு எழுத்தும் விடாம."

டீக்கத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தி நிறுத்தி, கண்ணாடியைப் பார்த்தபடி சேட் விரலை ஓட்டினார். "மாக மாசம், தேய்பிறை. மகேஷ்தாஸ் தண்ணிக்கு இறங்கினான். எதிரிப் படை ஆட்டுப்பாதையில ஏறிச்சு. தேஜ் கன்வர் கோபுரத்துத் தீபத்தைப் பெரிசாக்கினா. மகேஷ்தாஸ் வரல." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எப்பேர்ப்பட்ட பொம்பளை," என்றார்.

அவ்வளவுதான். அட்டை சொன்னதும் அதுதான். தூண்டிப் பிரகாசமாக்கினாள் என்பதைப் பழைய மொழியில் பெரிசாக்கினாள் என்று எழுதியிருக்கிறார்கள். சேட் கேலி செய்கிறார் என்று டீக்கம் நினைத்துக்கொண்டான். சரோஜ் நன்றி சொன்ன விதத்திலேயே அவளுடைய கோட்டை இடிந்து விழுந்தது தெரிந்தது.

மணி ஒன்று அடித்தது. சேட் வெங்காயம் உரிப்பது போல டீக்கத்தின் தலைப்பாகையை உரித்து எடுத்தார். "கடையைப் பெரிசாக்கணும். கிளம்புங்க."

"பக்கத்துக் கடையையும் வாங்கிட்டீங்களா சேட்ஜி? மாடி எடுக்கறீங்களா?"

சேட் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

திரும்ப ஏறும்போது டீக்கம் மூன்று மிர்ச்சி வடாவைப் பொட்டலமாகக் கையில் பிடித்திருந்தான். அலுப்புக்கு அது ஒன்றுதான் மருந்து. சரோஜ் தனக்குத்தானே பேசுவது போலச் சொல்லிக்கொண்டு வந்தாள். விளக்கு அத்தனை பிரகாசமாக எரிந்ததென்றால் புருஷன் ஏன் வரவில்லை? வழி தெரிந்த இரண்டு பேரில் எதிரி மட்டும் எப்படி வந்தான்? கேள்வி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏட்டில் இருப்பது அதே வாக்கியம். அட்டையும் பக்கமும் ஒன்றென்றால், எதற்காகத் திருட வேண்டும்? தான் ஆரம்பத்திலேயே தப்பாக யோசித்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

டீக்கத்துக்கு அதைவிடப் பெரிய மனக்குறை இருந்தது. "அந்தச் சேட்டைப் பாருங்க ஜீஜி. மரியாதையா ஒரு கேள்வி கேட்டா முறைக்கிறான். கடையைப் பெரிசாக்கறேன்னு வாயால சொன்னான், கையால ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டான். இந்த ஊர்ல பெரிசாக்கறதுன்னா இதுதான் போல."

இரண்டாம் வாசலின் இரும்பு முட்களுக்குக் கீழே சரோஜ் நின்றுவிட்டாள்.

"என்ன சொன்னே?"

"சேட்டுக்கு மரியாதை தெரியலன்னு..."

"அதுக்கு அப்புறம்."

"பெரிசாக்கறேன்னான். பூட்டினான்."

அவள் வடாப் பொட்டலத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மேலே மூன்றாம் வாசலின் கோபுரத்தைப் பார்த்தாள். பிறகு நடக்கவில்லை, ஓடினாள். டீக்கம் ஒரு வடாவை இழந்து பின்தொடர்ந்தான்.

குமான் சிங் வாசல் மேடையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய, நரைத்த மீசைக்காரர். முழங்கை நீள இரும்புச் சாவியைப் புளி போட்டுத் தேய்த்து, ஒரு தட்டில் வைத்திருந்தார். குங்குமமும் இட்டிருந்தார். ஒப்படைக்கும் சாவி அழுக்காக இருக்கக் கூடாதாம். காலையில் சரோஜை 'பாய்சா' என்று மரியாதையாக அழைத்துப் பேசியபோது அவர் கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை. சாவியைக் கேட்டால் கொடுக்கலாம், ஆனால் திருடன் என்று சொல்லி வாங்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தார். அட்டையைப் பற்றிக் கேட்டதற்கு, படித்தவர்கள் எழுதியது, நாம் என்ன சொல்வது என்றார்.

இப்போது சரோஜ் மூச்சு வாங்க அவர் முன்னால் நின்றாள்.

"குமான்சா, அந்தப் பக்கத்துல உண்மையில என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்கு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"அட்டையைப் படிச்சிருக்கேன், பாய்சா. விளக்கைத் தூண்டினா, பிரகாசமாக்கினான்னு."

"ஏட்டுல அந்த வார்த்தை இல்ல. தேஜ் கன்வர் தீபத்தைப் பெரிசாக்கினான்னு இருக்கு."

குமான் சிங் தட்டைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள்.

"யார் படிச்சது?"

"சம்பாலால் சேட்."

"அவர் தப்பாப் படிக்க மாட்டார்." அவர் குரல் மாறியிருந்தது. "பாய்சா, விளக்கை இருட்டாக்கறதுக்கு உள்ள வார்த்தையை நாங்க வாயால சொல்றதில்ல. அது சாவுக்குச் சொல்ற வார்த்தை. தீபத்தைப் பெரிசாக்குன்னுதான் சொல்லுவோம். வாய் அதைச் சொல்லும், கை திரியைக் கிள்ளும். கடை மூடறதும் அப்படித்தான். வீட்டுல கரண்டு வந்ததுலேர்ந்து பிள்ளைங்க சுவிட்சைத் தட்டுதுங்க, அதுக்கு இந்த வார்த்தை வேண்டியதில்ல."

ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் தலையாட்டினாள். அவள் வீட்டில் பிறந்ததிலிருந்தே சுவிட்சுதான்.

குமான் சிங் எழுந்து, கோபுரத்தின் அடியில் ஆட்டுப்பாதை இறங்கும் இடம் வரை போனார். கீழே செங்குத்தான பள்ளம். இருட்டில் அதில் கால் வைத்தவன் ஊற்றுக்கும் போக மாட்டான், வாசலுக்கும் வர மாட்டான்.

"எதிரி பாதி வழி ஏறிட்டான்," என்றார். "அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அதே பாதையில புருஷனும் இருக்கான். அதுவும் தெரிஞ்சிருக்கு." அவர் விரல்கள் காற்றில் ஒரு திரியைக் கிள்ளின.

டீக்கத்துக்கு ஒரு வேடிக்கை வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவன் அதை விழுங்கிவிட்டு, இரண்டாவது வடாவை அவரிடம் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் சாப்பிடவில்லை.

நாலு மணிக்கு அவர்கள் ஆவண மண்டபத்தில் இருந்தார்கள். வழி நெடுகிலும் டீக்கம் வழக்கை முடித்துக்கொண்டே வந்தான். அட்டையை எழுதியது குன்வர். தப்பாக எழுதியது குன்வர். பண்டிதர்கள் வந்து படித்துவிட்டால் மானம் போவது குன்வருக்கு. அரண்மனைச் சாவி இருப்பதும் அவர் வீட்டில். துப்பறிய ஆள் கூப்பிட்டது வெறும் கண்துடைப்பு. ஒரு தட்டு கச்சோரி பந்தயம் என்றான். சரோஜ் பந்தயத்தை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள்.

மண்டபத்தில் வேலையாட்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். குலதெய்வத்தின் மாடத்தில் நெய்த் தீபம் எரிந்தது. மாஜிசா காலையில் இருந்த அதே இடத்தில், அதே திண்டில் சாய்ந்திருந்தார். தலைவலி குறையவில்லையாம். குன்வர் ஒலிபெருக்கிக் கம்பிகளைத் தாண்டித் தாண்டி வந்தார்.

"கிடைச்சுதா?"

"கிட்ட வந்துட்டோம், ஹுக்கும்," என்றாள் சரோஜ், அரண்மனை மரியாதையோடு. "ஒரு சின்ன உதவி. அந்தத் தீபத்தைக் கொஞ்சம் பெரிசாக்குங்களேன்."

டீக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குன்வரின் கையையே பார்த்தான். குன்வர் ஒரு கணமும் தயங்கவில்லை. பணிவோடு மாடத்தின் முன் குனிந்து, பக்கத்தில் இருந்த குச்சியை எடுத்துத் திரியை முன்னால் தள்ளினார். சுடர் ஒரு விரல் உயரம் எழுந்தது. "போதுமா?" என்று முகத்தில் வெளிச்சத்தோடு திரும்பிக் கேட்டார்.

அதே நேரத்தில் பின்னாலிருந்து மாஜிசாவின் குரல் வந்தது. "வேண்டாம், வேண்டாம். விருந்தாளிங்க வர்ற வரைக்கும் எரியட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் மகன் என்ன செய்திருக்கிறான் என்பதை அவர் பார்த்தார்.

ஒரு தட்டு கச்சோரி தன் கையைவிட்டுப் போனது டீக்கத்துக்குத் தெரிந்தது. தப்பை மறைக்க வேண்டுமானால் அது தப்பென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். குன்வருக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது. அவர் எழுதியதை அவர் மனதார நம்பினார். அந்த ஒத்திகையில் பாடகர் பாடிய பழைய வரியையும், பின்னால் வந்த இங்கிலீஷையும் சேர்த்துக் கேட்டு, இரண்டும் வேறு வேறு என்று புரிந்துகொள்ளக் கூடியவர் அங்கே ஒருவர்தான் இருந்தார். உருகியதால் வந்த தலைவலி இல்லை அது.

சரோஜ் வேலையாட்களை வெளியே அனுப்பச் சொன்னாள். பிறகு தரையில், மாஜிசாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தினம் ராத்திரி இந்த வார்த்தையைச் சொல்றவங்க நீங்க. சாவிக் கொத்தும் உங்க இடுப்புலதான்."

மாஜிசா மறுக்கவில்லை. மெல்ல முன்னால் நகர்ந்து, காலையிலிருந்து முதுகு கொடுத்திருந்த வெல்வெட் திண்டின் உறையை அவிழ்த்தார். பஞ்சுக்கும் உறைக்கும் நடுவில், மஸ்லின் துணியில் சுற்றியிருந்தது பக்கம்.

"கிழிக்கல," என்றார். "விருந்தாளிங்க போனதும் வெச்சிடலாம்னு இருந்தேன். அஞ்சு வயசுல விடுதிக்கு அனுப்பினேன், பாய்சா. அழுதான், அனுப்பினேன். வீட்டுப் பேச்சு அவனுக்கு எங்கேர்ந்து வரும்? அவன் தப்பு பண்ணினான்னா அது என் தப்பு. நாலு பேர் முன்னால அவன் தலை குனியறதை என்னால பார்க்க முடியாது."

"குமான்சா தலை குனியறதை?"

மாஜிசா மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். "சாவியைக் கேட்பான்னு நினைக்கல. அவன் கேட்டதுக்கப்புறம் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரல."

குன்வர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எது தப்பு, யாருடைய தப்பு என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. அம்மா அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த ஒரு வார்த்தையின் பொருளைச் சொன்னார். அவர் இரண்டு தடவை கேட்டார். பிறகு எழுந்து போய்ச் சுடரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அந்தப் பொம்பளை... நான் எழுதினது?"

"நேர்மாறு," என்றாள் சரோஜ்.

"ரெண்டாயிரம் காப்பி போயிருக்கு."

"படமும் இடம் வலம் மாறித்தான் இருக்கு ஹுக்கும்," என்றான் டீக்கம். "ரெண்டு தப்பு சேர்ந்தா சரியாயிடுமோன்னு பார்த்தோம். ஆகல."

சரோஜ் முறைத்தாள். குன்வர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. வெளியே முதல் கார்கள் அடிவாரத்துக்கு வந்துவிட்டதாக ஓர் ஆள் வந்து சொன்னான். மாஜிசா மகனின் சட்டைக் கையைப் பிடித்தார். பக்கம் கிடைத்துவிட்டதென்று மட்டும் சொன்னால் போதும், சாவியும் கேட்க வேண்டாம், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அது நடக்கக் கூடியதுதான். காட்சியும் நடக்கும், கைதட்டலும் கிடைக்கும். குமான் சிங் சாவியோடு வாசலிலேயே இருப்பார், துரோகி வாசலில்.

குன்வர் பக்கத்தைக் கையில் எடுத்தார். அதை எந்தப் பக்கம் மேலே வைத்துப் பிடிப்பது என்று அம்மாவிடம் கேட்டார். அந்த வரியைத் தனக்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்.

ஐந்து மணிக்கு விருந்தாளிகள் மூன்றாம் வாசலை அடைந்தபோது, குமான் சிங் தட்டோடு நடுவில் நின்றார். தலைப்பாகையைப் புதிதாகக் கட்டியிருந்தார். பதினோரு தலைமுறைச் சாவி தட்டில் பளபளத்தது. அவர் யாரையும் பார்க்காமல் தட்டை நீட்டினார். குன்வர் அதைத் தொடவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பி, ஏட்டுப் பக்கம் அரண்மனையிலேயேதான் இருந்தது, இவர் எடுக்கவில்லை, இவர் மேல் பழி போட்டது நான்தான் என்று சொன்னார். பிறகு, மார்வாரியில், இரண்டு இடத்தில் நாக்கு இடறி, தேஜ் கன்வர் தீபத்தைப் பெரிசாக்கினாள், மகேஷ்தாஸ் வரவில்லை என்று படித்தார்.

விருந்தாளிகளில் பாதிப் பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்வரிசையில் நின்ற சமையல்காரர்களும் ஒட்டகக்காரர்களும் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் தலைப்பாகையில் கை வைத்து வணங்கினார். அதைப் பார்த்து மற்றவர்களும்.

"இதுக்கு நான் வேற அர்த்தம் எழுதிட்டேன்," என்றார் குன்வர். "இன்னிக்குக் காட்சி கிடையாது. டீ இருக்கு."

மாஜிசா படியின் மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மகன் தலை குனிந்துதான் நின்றான். அவர் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

கூட்டம் டீக்குக் கலைந்த பிறகு குன்வர் பழைய அட்டையை எடுத்துவந்து நாலாகக் கிழித்தார். டீக்கத்தின் நோட்டிலிருந்து ஒரு தாளும் பேனாவும் கேட்டு வாங்கிக்கொண்டு, வாசல் மேடையில் குமான் சிங்குக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லுங்க, குமான்சா. நான் எழுதறேன்."

குமான் சிங் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். "தேஜ் கன்வர். தீபத்தைப் பெரிசாக்கினாள்."

குன்வர் அதை எழுத்துக் கூட்டி எழுதினார். "அவ்வளவுதானா? கீழ இங்கிலீஷ்ல என்ன போடறது?"

"இங்கிலீஷ் வேண்டாம், ஹுக்கும்." குமான் சிங் தட்டிலிருந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "புரியாதவங்க நின்னு கேக்கட்டும். நான் இங்கதானே இருப்பேன்."